டார்லாவின் பேட்டரி நிதி

டேல்: இல்லம்மா, வைக்காதே, வைக்காதே... இப்ப வந்துருவா. சௌனாவுக்குள்ள இருக்கா, அவ்வளவுதான்.

கென்ட்ரா: போன தடவை கூப்பிட்டப்பவும் சௌனாலதான் இருந்தாங்க சார்.

டேல்: சனிக்கிழமைன்னா சௌனாதானே. ஏன், உங்க வீட்ல ஆவில உக்கார மாட்டீங்களா?

கென்ட்ரா: போன தடவை கூப்பிட்டது செவ்வாய்க்கிழமை.

டேல்: ...அவளுக்கு முதுகு வலி. சூடு நல்லதுன்னு டாக்டர் சொன்னார்.

கென்ட்ரா: ம்.

டேல்: என்ன 'ம்'?

கென்ட்ரா: ஒண்ணுமில்ல சார். நல்லதுதான்.

பிரென்ட்: கென்ட்ரா, பிரென்ட் பேசறேன். உன் காதுல மட்டும்தான் கேக்கும், அவருக்குக் கேக்காது. பேரு சொன்னியா? எங்கேருந்து பேசறேன்னு சொன்னியா? எழுதிக் குடுத்ததை அப்படியே வாசி.

கென்ட்ரா: வாசிக்கறேன், வாசிக்கறேன்.

டேல்: யாருகிட்டம்மா பேசறே?

கென்ட்ரா: எங்க சூப்பர்வைசர் சார். மாணவர்கள் நாங்க வரிசையா உக்காந்து பழைய மாணவர்களுக்கெல்லாம் போன் போட்டு காசு கேப்போம். இவர் லைன்ல நுழைஞ்சு ஒட்டுக் கேப்பார்.

பிரென்ட்: ஒட்டுக் கேக்கறதில்ல. தரக் கண்காணிப்பு.

கென்ட்ரா: தரக் கண்காணிப்பாம்.

டேல்: காட்டுல மரம் ஏத்தற லாரி ஓட்டினப்ப எனக்கும் இப்படி ஒருத்தன் இருந்தான். அவனை நாங்க வேற பேரு சொல்லிக் கூப்பிடுவோம்.

கென்ட்ரா: சரி, வாசிச்சுடறேன். 'வணக்கம். என் பெயர் கென்ட்ரா. நமது பல்கலைக்கழகத்தின் முன்னாள் மாணவர் அலுவலகத்திலிருந்து பேசுகிறேன். திருமதி டார்லா மாட்டிலா அவர்களின் தாராள மனத்துக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.' வாசிச்சாச்சு.

டேல்: ...தாராள மனம். நல்லாருக்கே. இன்னொரு தடவை வாசி.

கென்ட்ரா: எதுக்கு?

டேல்: கதவு சாத்தியிருக்கு, அவளுக்குக் கேட்டிருக்காது.

கென்ட்ரா: ...'திருமதி டார்லா மாட்டிலா அவர்களின் தாராள மனத்துக்கு எங்கள் நெஞ்சார்ந்த நன்றி.'

டேல்: ம். சொல்லு, என்ன விஷயம்?

கென்ட்ரா: அவங்க பேர்ல இருக்கற நிதி. கடிதம் வந்திருக்குமே?

டேல்: அவ பேருக்கு வர்ற கவரை நான் பிரிக்கறதில்ல.

கென்ட்ரா: எத்தனை கவர் இருக்கு?

டேல்: சமையலறை மேசைல அடுக்கி வெச்சிருக்கேன். அப்பப்ப சரிஞ்சு விழுது. மறுபடி அடுக்கறேன்.

கென்ட்ரா: அவங்களும் பிரிக்கலையா?

டேல்: நேரமில்ல அவளுக்கு.

கென்ட்ரா: சௌனாலயே இருக்காங்க.

டேல்: ஏய், வாய் உனக்கு ஜாஸ்தி!

கென்ட்ரா: எங்க வீட்லயும் அதான் சொல்றாங்க. சரி, கடிதத்துல இருக்கறதை நானே சொல்றேன். சின்னச் சின்ன நிதியையெல்லாம் ஒண்ணா சேத்து பொது நிதில கொட்டப் போறாங்க. உங்க வீட்டம்மாவோட பேட்டரி நிதியும் அதுல ஒண்ணு. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லணும். இன்னைக்கு சாயங்காலத்தோட பட்டியலை மூடறாங்க. பதில் வரலன்னா சம்மதம்னு எடுத்துப்பாங்க.

டேல்: பேசாம இருந்தா சம்மதமா? எந்த ஊர் நியாயம் இது?

பிரென்ட்: கென்ட்ரா, இது நான் எழுதிக் குடுத்தது இல்ல. நன்மையைச் சொல்லு முதல்ல.

கென்ட்ரா: நன்மையைச் சொல்லணுமாம் சார். 'ஒன்றிணைந்த நிதியாக மாறும்போது உங்கள் கொடையின் பயன் பன்மடங்காகும்.' அதாவது வாசல்ல கண்ணாடில ஒரு வரவேற்பு மண்டபம் கட்டறாங்க. பெத்தவங்க வந்து காப்பி குடிச்சுட்டே வளாகத்தைப் பாக்கலாம்.

பிரென்ட்: கென்ட்ரா!

கென்ட்ரா: காப்பி இலவசம்.

டேல்: பேட்டரிக்குக் குடுத்த காசுல கண்ணாடியா?

கென்ட்ரா: நான் எதுவும் சொல்லல சார். நான் போன் போடறவ.

டேல்: அவ கேட்டா குதிப்பா. இரு. டார்லா! ஏய் டார்லா! யூனிவர்சிட்டிலேருந்து ஒரு பொண்ணு! உன் பேட்டரி நிதியை வேற எதோடயோ சேத்துடலாமான்னு கேக்கறா! ...ஆங்? ...ஆங், ஆங். 'எவன்டா கேட்டான் அப்படி'ங்கறா. கூடாதாம். எழுதிக்கோ.

கென்ட்ரா: எழுத முடியாது சார்.

டேல்: ஏன்? அவ சொன்னாளே.

கென்ட்ரா: எனக்குக் கேக்கலையே. குடுத்தவங்க அவங்க வாயால சொல்லணும், அது பதிவாகணும். சௌனா வீட்டுக்குள்ளயா இருக்கு?

டேல்: கொல்லைல.

கென்ட்ரா: கொல்லைல, கதவு சாத்தி, உள்ள கல்லுமேல தண்ணி ஊத்தற சத்தம்... அதையும் தாண்டி உங்களுக்குக் கேட்டுச்சாக்கும்.

டேல்: கல்யாணம் ஆன நாள்லேருந்து கேட்ட குரல். எனக்குக் கேக்கும்.

கென்ட்ரா: சார், கொஞ்சம் கூப்பிடுங்களேன். துண்டைச் சுத்திக்கிட்டு வந்தாக்கூடப் போதும், ஒரே ஒரு வார்த்தை.

டேல்: உடம்பு சூட்டோட இந்தப் பனில நடந்து வரச் சொல்றியா?

கென்ட்ரா: சௌனாலேருந்து ஓடி வந்து பனில உருளற ஊர்தானே சார் நம்ம ஊரு!

டேல்: அதெல்லாம் சின்ன வயசுல. நீ எந்த ஊரு?

கென்ட்ரா: மேட்டுக்கு அந்தப் பக்கம். வீட்லேருந்துதான் கார்ல வந்து போறேன்.

டேல்: அந்தக் குன்று ரோட்டுலயா! ஏரிக் காத்து அடிச்சா அங்க கை நீட்டினா கை தெரியாதே.

கென்ட்ரா: தெரியாது.

டேல்: அவளும் அந்த ரோட்டுலதான் போய் வந்தா. காலைல ஓட்டல்ல முட்டையும் பன்றி இறைச்சியும் பரிமாறிட்டு, அந்த உடுப்போடயே வகுப்புக்குப் போயிடுவா. பக்கத்துல உக்காந்த பசங்களுக்கு பசிக்குமாம் அவ வாசனைல. அப்ப எங்க பையனே பள்ளிக்கூடம் முடிச்சுட்டான். அவன் வேண்டாம்னுட்டான் படிப்பை. 'சரி, நீ போகலன்னா நான் போறேன்'னு போனா. எங்க ரெண்டு வீட்லயும் சேத்து காலேஜ் வாசப்படி மிதிச்ச முதல் ஆளு.

கென்ட்ரா: எங்க வீட்ல நான்.

டேல்: அப்படியா! அப்பா என்ன பண்றார்?

கென்ட்ரா: பேப்பர் மில்லு. மூடிட்டாங்க. இப்ப கிடைச்ச வேலை. இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்காது சார்.

டேல்: மன்னிச்சுக்கோ. அவளுக்கும் பிடிக்காது.

பிரென்ட்: நேரம் ஓடுது. அவர் மனைவி வரமாட்டாங்கன்னா 'பதில் இல்லை'ன்னு போட்டுட்டு அடுத்த எண்ணுக்குப் போ.

கென்ட்ரா: போட மாட்டேன்.

டேல்: எதைப் போட மாட்டே?

கென்ட்ரா: உங்ககிட்ட இல்ல சார். நீங்க சொல்லுங்க. எதுக்கு பேட்டரி? மத்தவங்கல்லாம் நூலகம், ஆய்வுக்கூடம், கால்பந்துன்னு குடுக்கறாங்க.

டேல்: உனக்குத் தெரியாதா?

கென்ட்ரா: நீங்க சொல்லிக் கேக்கணும். பதிவாகுது இல்ல, பதிவாகட்டும்.

டேல்: பரீட்சை அன்னிக்கு கார் கிளம்பல. அப்படி ஒரு குளிர், மூக்குக்குள்ள முடி உறையும். சாவியைத் திருப்பினா டக், டக், டக்... அவ்வளவுதான். நான் காட்டுக்குள்ள லாரியோட இருக்கேன், போன் கிடையாது. ரோட்டுக்கு நடந்து போய், பனி தள்ற வண்டிக்காரனைக் கை காட்டி நிறுத்தி, அவன்கூட போய்ச் சேந்தா. கதவைச் சாத்திட்டாங்க. மறுபடி எழுத விடமாட்டாராம் அந்த வாத்தியார். 'பொறுப்புள்ளவர்கள் முன்கூட்டியே கிளம்புவார்கள்'னாராம்.

கென்ட்ரா: பேரு சொல்லுங்க சார், அந்த ஆள் பேரு.

டேல்: விடு, அவரும் போயிட்டார். முழு வருஷம் அந்தப் பாடத்தை மறுபடி படிச்சா. அடுத்த பரீட்சைக்கு முதநாள் சாயங்காலமே காரோட பேட்டரியைக் கழட்டி, போர்வைல சுத்தி, அடுப்புப் பக்கத்துல வெச்சுட்டா. கைக்குழந்தை மாதிரி. நான் சிரிச்சேன். 'சிரிச்சா உன்னையும் வெளில படுக்க வெச்சுடுவேன்'னா.

கென்ட்ரா: தேறினாங்களா?

டேல்: தேறாமயா? பட்டம் வாங்கி ஒரு வருஷம்கூட ஆகல, உன்ன மாதிரி ஒரு பொண்ணு போன்ல கூப்பிடுது, ஏதாவது குடுங்கன்னு. இவ 'குடுக்கறேன், பேட்டரிக்கு'ங்கறா. அது 'அப்படி ஒரு தலைப்பே இல்ல மேடம்'ங்குது. 'இல்லன்னா புதுசா போடு'ங்கறா. அடுத்த வருஷமும் அதே பேச்சு. அதுக்கு அடுத்த வருஷமும் அதே. கடைசில ஒரு பையன், யாரோ புண்ணியவான், சும்மா 'பேட்டரி'ன்னு தட்டிட்டான். அப்படித்தான் வந்துச்சு உங்க புத்தகத்துல.

கென்ட்ரா: அந்தப் பையனை வேலையை விட்டுத் தூக்கியிருப்பாங்க.

பிரென்ட்: ...தூக்கல.

கென்ட்ரா: என்ன?

பிரென்ட்: தூக்கலன்னேன். அவன் எனக்கு முன்னால சூப்பர்வைசரா இருந்தான். நீ பேசு.

கென்ட்ரா: தூக்கலையாம் சார்.

டேல்: நல்லது.

கென்ட்ரா: சார், நான் ஒண்ணு சொல்லட்டுமா? எழுதிக் குடுத்ததுல இது கிடையாது.

டேல்: சொல்லு.

கென்ட்ரா: எனக்கு ஒரு உதவித்தொகை கிடைச்சுது, வேற ஒருத்தர் குடுத்தது. அதுக்கு நான் எவ்வளவு ஏழைன்னு கட்டுரை எழுதச் சொன்னாங்க. எழுதினேன். அப்பாவோட மில்லு, அம்மாவோட முட்டி வலி, எல்லாத்தையும் கடை பரப்பினேன். அப்புறம் ஒரு மதியச் சாப்பாடு. குடுத்தவர் பக்கத்துல உக்கார வெச்சு, சிரி சிரின்னு போட்டோ. அவர் நல்லவர்தான். ஆனா சாப்பிட்டு முடிக்கற வரைக்கும் என் கட்டுரையை மனசுல வெச்சுக்கிட்டே என்னைப் பாத்தார். வீட்டுக்கு வந்து எதையாவது உடைக்கணும் போல இருந்துச்சு.

பிரென்ட்: கென்ட்ரா... பதிவாகுது.

கென்ட்ரா: ஆகட்டுமே! அதே வருஷம் ஜனவரில, அப்ப விடுதில தங்கியிருந்தேன், அங்க வாகன நிறுத்தத்துல என் கார் செத்துப் போச்சு. டக், டக், டக். ஊருக்கு அந்தக் கோடில இருக்கற கட்டடத்துல பரீட்சை, போகணும். யாரோ சொன்னாங்க, கொதிகலன் கட்டடத்துப் பின்னால ஒரு ஷெட் இருக்கு, அங்க போன்னு. போனேன். ஒரு ஆள் இருந்தார். பேரு கேக்கல. மார்க்கு கேக்கல. அப்பா என்ன பண்றார்னு கேக்கல. 'கார் எங்க நிக்குது?'ன்னார். அவ்வளவுதான் சார். புது பேட்டரியைத் தூக்கிட்டு முன்னால நடந்தார். மாட்டிட்டு 'போய் எழுது'ன்னார். யாருக்கு நன்றிக் கடிதம் எழுதணும்னு கேட்டேன். 'டார்லாவுக்கு. ஆனா எழுதாதே, அவளுக்குப் பிடிக்காது'ன்னார்.

டேல்: ...அப்படியா சொன்னான்?

கென்ட்ரா: அப்படியே.

டேல்: அலுவலகத்துலேருந்து அவகிட்ட கேட்டாங்கம்மா, மாணவர்களைக் கடிதம் எழுதச் சொல்லவான்னு. 'பரீட்சைக்கு நேரமாச்சுன்னு அழுதுட்டு நிக்கறவகிட்ட போய் எனக்கு நன்றி எழுதுன்னு சொன்னா அவ என்னைத் திட்டுவா. நானா இருந்தா திட்டுவேன்'னா.

கென்ட்ரா: நானும் திட்டியிருப்பேன்.

டேல்: அதான் தெரியுதே.

கென்ட்ரா: இந்த யூனிவர்சிட்டில எனக்குக் கிடைச்சதுலயே, என்னை நிமிந்து நிக்க விட்டுக் குடுத்தது அது ஒண்ணுதான் சார். அதைக் கொண்டுபோய் கண்ணாடி மண்டபத்துல கொட்டறாங்களாம். எனக்கு வயிறு எரியுது. அதனாலதான் உங்களை விடாம கூப்பிடறேன்.

டேல்: அவகிட்ட சொல்றேன். கேட்டா சந்தோஷப்படுவா. வெளில காட்டிக்க மாட்டா.

கென்ட்ரா: சார்... நீங்க ஏன் வீட்ல இருக்கீங்க?

டேல்: ஏன்னா? என் வீடு.

கென்ட்ரா: மான் வேட்டை ஆரம்பிச்சாச்சே. எங்க அப்பா துப்பாக்கியைத் தூக்கிட்டு கேம்ப்புக்குப் போனவர் இன்னும் திரும்பல. எங்க தெருவுல ஒரு ஆம்பளை இல்ல. நவம்பர்ல இந்தப் பக்கத்துல வீட்ல உக்காந்து போன் எடுக்கற ஒரே ஆம்பளை நீங்கதான்.

டேல்: ...இந்த மாசத்துலதானே நீங்க கூப்பிடுவீங்க. அவதான் எடுப்பா எப்பவும். கேம்ப்புலேருந்து நான் திரும்பினதும் சொல்லுவா. எந்த ஊர்ப் பொண்ணு, என்ன படிக்குது, குரல்ல சளி கட்டியிருந்துச்சு, சாப்பிட்டுச்சோ என்னமோ... மானைப் பத்தி என்னைக் கேக்கவே மாட்டா. உங்களைப் பத்தியேதான் பேசுவா.

கென்ட்ரா: இந்த வருஷம் நீங்க எடுக்கறீங்க.

டேல்: அவ சௌனால இருக்கா இல்ல.

கென்ட்ரா: ஆமா. சௌனால இருக்காங்க.

பிரென்ட்: கென்ட்ரா, பட்டியலை மூடச் சொல்லி மேலேருந்து செய்தி வந்தாச்சு. முடி.

கென்ட்ரா: சார், போனை வைக்கறதுக்கு முன்னால நான் எல்லா விதியையும் வாசிச்சாகணும்.

பிரென்ட்: வேண்டாம், அதெல்லாம் தேவையில்ல.

கென்ட்ரா: வரிசையா வாசிக்கணும்னு நீங்கதானே சொன்னீங்க! கேளுங்க சார். 'கொடையாளர் மட்டுமே தம் நிதியைக் குறித்து முடிவு செய்யலாம்.' இது தெரியும் உங்களுக்கு. அடுத்தது. 'கொடையாளர் உயிருடன் இல்லாத நிலையில், அவருடைய கணவர் அல்லது மனைவி சொல்வதே இறுதி முடிவு.'

பிரென்ட்: அது எதுக்கு அவருக்கு? அது பொருந்தாதே.

கென்ட்ரா: பொருந்தாதாம் சார். எங்க சூப்பர்வைசர் சொல்றார்.

டேல்: ...மறுபடி வாசி.

கென்ட்ரா: 'கொடையாளர் உயிருடன் இல்லாத நிலையில், அவருடைய கணவர் அல்லது மனைவி சொல்வதே இறுதி முடிவு.'

டேல்: சும்மா கேக்கறேன்.

கென்ட்ரா: கேளுங்க.

டேல்: அப்படி ஒருத்தர்... இல்லன்னு சொன்னா, நீங்க போன் போடற பட்டியல்லேருந்து பேரை எடுத்துருவாங்களா?

கென்ட்ரா: எடுத்துருவாங்க.

டேல்: உடனேயா?

கென்ட்ரா: உடனே. பழைய மாணவர் பத்திரிகைல கடைசிப் பக்கத்துல ஒரு வரி போடுவாங்க.

டேல்: அப்புறம் போன்?

கென்ட்ரா: வராது சார்.

டேல்: 'திருமதி டார்லா மாட்டிலா இருக்காங்களா'ன்னு கேக்க மாட்டாங்களா?

கென்ட்ரா: கேக்க மாட்டாங்க.

டேல்: அந்தப் பேரைச் சொல்லி இப்ப வேற யாரும் கூப்பிடறதில்லம்மா. ஓட்டல்ல, பேங்குல, பையன் வீட்ல... எல்லாரும் கவனமா பேசறாங்க. நீங்க மட்டுந்தான் எதுவும் தெரியாம, 'இருக்காங்களா'ன்னு கேக்கறீங்க. 'இருக்கா'ன்னு சொல்ல முடியுது. சும்மா சொன்னேன்.

கென்ட்ரா: நானும் பொய் சொல்ல மாட்டேன் சார், எனக்கு வராது. ரெண்டும் கிடைக்காது. இருக்காங்கன்னே விட்டா எங்க பட்டியல்ல பேரு இருக்கும், வருஷா வருஷம் போன் வரும். ஆனா இந்தக் குளிர்காலம், அந்த ஷெட்டுல பேட்டரி இருக்காது. கார் எங்க நிக்குதுன்னு கேக்க ஆளும் இருக்காது. இல்லன்னு சொன்னா போன் வராது. ஆனா ஒருத்தி பரீட்சைக்குப் போயிடுவா.

பிரென்ட்: கென்ட்ரா... எனக்கு இப்பதான் புரியுது. அவரை அவசரப்படுத்தாதே. பட்டியலை நான் திறந்தே வெச்சிருக்கேன். மேல நான் பேசிக்கறேன்.

கென்ட்ரா: சரி.

டேல்: யாருக்கு சரி?

கென்ட்ரா: உங்களுக்கு நேரம் இருக்காம் சார்.

டேல்: நேரமா... ஜூன்லேருந்து நேரம்தான் இருக்கு. எழுதிக்கோ. டார்லா செத்துட்டா. ...இப்படி நான் சொன்னதில்ல இதுவரைக்கும். 'போயிட்டா'ம்பேன், 'இல்ல'ம்பேன். செத்துட்டா. சௌனால யாருமில்ல. அடுப்பு மூட்டியே மாசக்கணக்காச்சு.

கென்ட்ரா: எழுதிக்கிட்டேன். கணவர்ங்கற முறைல இப்ப உங்களைக் கேக்கறேன். டார்லா மாட்டிலா பேட்டரி நிதியை பொது நிதியோட சேக்கலாமா?

டேல்: கூடாது.

கென்ட்ரா: கொஞ்சம் சத்தமா சார். பதிவாகணும்.

டேல்: கூடாது! எவன்டா கேட்டான் அப்படி! அது பேட்டரிக்கு. பேட்டரிக்கு மட்டும்தான். கண்ணாடிக்குப் போச்சுன்னா நான் லாரியை எடுத்துட்டு வருவேன்!

பிரென்ட்: பதிவாச்சு. நிதி அப்படியே இருக்கும். கென்ட்ரா, இரங்கல் செய்தின்னு ஒரு பத்தி இருக்கு, வாசிச்சுடு.

கென்ட்ரா: அதை வாசிக்க மாட்டேன்.

பிரென்ட்: சரி. வாசிக்காதே. நான் லைனை விட்டுப் போறேன்.

டேல்: ஏம்மா...

கென்ட்ரா: சொல்லுங்க சார். பதிவாயிடுச்சு. யாரும் தொட முடியாது.

டேல்: அதில்ல. என் பொண்டாட்டி செத்துட்டான்னு சொன்னேன். நீ ஒரு 'ஐயோ'கூட சொல்லல. நீ பாட்டுக்கு 'எழுதிக்கிட்டேன்'னே.

கென்ட்ரா: ஜூன்லயே சொல்லிட்டேன் சார். அவங்க அடக்கத்தன்னிக்கு, சர்ச்சுக்குக் கீழ, சமையல்கட்டுல எங்க அம்மா எல்லாருக்கும் சாண்ட்விச் அடுக்கிட்டிருந்தாங்க. உங்களுக்குக் காப்பி ஊத்தினது நான்தான். ஆறிப் போச்சேன்னு கொட்டிட்டு மறுபடி ஊத்தினேன். அதையும் நீங்க குடிக்கல.